பக்தியுள்ள கோடீஸ்வரர் கைகாட்டினால் ஓட்டு விழுமா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஹாபி லாபி முதலாளி மாதிரி பக்தியும் பணமும் உள்ள தொழிலதிபர்கள் ஓர் அதிபர் வேட்பாளரை வெளிப்படையாக ஆதரிக்கிறார்களே, அதனால் அந்த மதத்தவர் ஓட்டு அப்படியே அவருக்கு விழுமா? இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? அவர்களுக்கு இதில் என்ன லாபம்?"

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டு பெரிதாக விழாது. சட்டம் தடுக்காது. லாபம் நிச்சயம் உண்டு, ஆனால் அது கடைக் கல்லாவில் வந்து விழுவதில்லை, நீதிமன்றத்தில் வந்து சேர்கிறது. இனி விரிவாக.

ஹாபி லாபியையே எடுத்துக்கொள்வோம். டேவிட் கிரீன் 1970இல் 600 டாலர் கடன் வாங்கி, படச் சட்டம் செய்கிற வேலையை வீட்டிலேயே தொடங்கியவர். அது இன்று கைவினைப் பொருளும் வீட்டு அலங்காரப் பொருளும் விற்கிற, நாடு முழுக்கக் கிளைகள் உள்ள பெரிய கடையாக வளர்ந்திருக்கிறது. தலைமையகம் ஓக்லஹோமா சிட்டி. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வாஷிங்டனில் 2017இல் திறந்த பைபிள் அருங்காட்சியகம் இந்தக் குடும்பத்தின் முயற்சி. (அதே ஆண்டில்தான் ஈராக்கிலிருந்து கடத்தி வரப்பட்ட களிமண் பலகைகளை வாங்கியதற்காக அந்த நிறுவனம் 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அது தனிக் கதை.)

ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, பெரிய நிறுவனங்கள் ஊழியர்களின் காப்பீட்டில் கருத்தடை முறைகளையும் சேர்க்க வேண்டும். பட்டியலில் இருந்த இருபதில் நான்கு, கருவையே அழிப்பதற்குச் சமம் என்பது கிரீன் குடும்பத்தின் நம்பிக்கை. அந்த நான்கையும் தரமாட்டோம் என்று வழக்குக்குப் போனார்கள். தோற்றிருந்தால் நாளொன்றுக்கு 13 லட்சம் டாலர் வரை அபராதம் விழுந்திருக்கும். 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரே ஒரு நீதிபதி எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கதை வேறு.

அந்த ஐவரில் ஒருவரான ஆன்டனின் ஸ்காலியா 2016 பிப்ரவரி 13 அன்று இறந்துபோனார். தேர்தல் ஆண்டு. ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்ட் என்ற நீதிபதியை முன்மொழிந்தார். செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் விசாரணைக்கே எடுக்காமல் அந்த நாற்காலியை காலியாகவே வைத்திருந்தார்கள். அடுத்து வருகிற அதிபர்தான் அதை நிரப்பப்போகிறார் என்பது ஊருக்கே தெரிந்தது.

குடியரசுக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற, பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் கிரீன் ஆதரித்தது செனட்டர் மார்கோ ரூபியோவை. கிரீனின் சொந்த மாநிலமான ஓக்லஹோமாவில் மார்ச் 1 அன்று வாக்குப்பதிவு. ஞாயிறு ஆராதனைக்குப் போகிற கூட்டம் நிறைந்த மாநிலம், அவருடைய கடைகள் பிறந்து வளர்ந்த ஊர். முதலிடம் டெட் குரூஸ், இரண்டாமிடம் டிரம்ப், ரூபியோ மூன்றாமிடம். ஒரு பக்தியுள்ள கோடீஸ்வரரின் சொல்லுக்குச் சொந்த ஊரிலேயே எவ்வளவு எடை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ரூபியோ விலகினார், குரூஸ் விலகினார், டிரம்ப் வேட்பாளரானார். மூன்று திருமணம், சூதாட்ட விடுதி நடத்திய வரலாறு என்று சபைகளில் நெளிய வைக்கிற பல விஷயங்கள் அவரிடம் இருந்தன. அப்படியிருந்தும், வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் இருக்கையில் கிரீன் ஒரு தேசிய நாளிதழில் தன் பெயரில் கட்டுரை எழுதி டிரம்புக்கு ஆதரவு தெரிவித்தார். அதன் சாரம் டிரம்பின் நல்லொழுக்கம் இல்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை யார் நியமிப்பது என்பதுதான்.

அந்த நாற்காலிக்கு 2017இல் வந்தவர் நீல் கோர்சச். அதற்கு முன்பு அவர் இருந்தது பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். ஹாபி லாபி வழக்கு உச்ச நீதிமன்றம் போவதற்கு முன் 2013இல் அங்கேதான் விசாரிக்கப்பட்டது. அந்த அமர்வில் இருந்து, கிரீன் குடும்பத்துக்குச் சாதகமாகத் பெரும்பான்மையோடு ஒத்துப்போகிற தனித் தீர்ப்பும் எழுதியவர் இதே கோர்சச். கிரீன் எழுதியதால்தான் கோர்சச் வந்தார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் கிரீன் எதற்காக எழுதினாரோ அது அப்படியே நடந்தது.

சரி, ஓட்டு விஷயத்துக்கு வருவோம். 2016இல் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் (பைபிளையும் தனிப்பட்ட விசுவாசத்தையும் முன்னிறுத்துகிற புராட்டஸ்டன்ட் பிரிவினர்) சுமார் 81 சதவீதம் பேர் டிரம்புக்குப் போட்டதாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு சொன்னது. இதைப் பார்த்து, பெரிய மனிதர்கள் சொன்னதும் மந்தை திரும்பிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. வரிசையைக் கவனியுங்கள். பிப்ரவரியில் தென் கரோலினா பிரைமரி நடந்தபோதே அங்கிருந்த இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் டிரம்பிடம் போய்விட்டார்கள். வேறு எந்த வேட்பாளருக்கும் அத்தனை கிடைக்கவில்லை. அப்போது பணக்கார விசுவாசிகள் குரூஸ், ரூபியோ, ஜெப் புஷ் என்று பிரிந்து கிடந்தார்கள். மக்கள் முன்னால் போனார்கள், முதலாளிகள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய 2012 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரும், இவர்களில் பலர் வேற்று மதமாகப் பார்க்கிற மார்மன் மதத்தவருமான மிட் ராம்னிக்கே இதே பிரிவினர் கிட்டத்தட்ட இதே அளவு ஓட்டுப் போட்டிருந்தார்கள். கட்சிப் பிடிப்பு அவ்வளவு. அதற்கு மேல் ஒரு தொழிலதிபரின் கடிதம் சேர்ப்பது சொற்பம்.

சொற்பம்தானே தவிர, சுத்தமாக ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன். மனசாட்சி உறுத்துகிற விசுவாசிக்கு அந்தக் கடிதம் ஓர் அனுமதிச் சீட்டு. "அவரே போடுகிறார், நான் போட்டால் என்ன" என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. 2016 வாக்குச்சாவடிக் கணிப்பில், உச்ச நீதிமன்ற நியமனமே தங்களுக்கு முதல் காரணம் என்று சொன்னவர்கள் 21 சதவீதம். அவர்களில் 56 சதவீதம் டிரம்புக்கு, 41 சதவீதம் கிளின்டனுக்கு. கிரீன் மாதிரியானவர்கள் பேசிக்கொண்டே இருந்தது இந்தக் காரணத்தைத்தான்.

இனி பணம். உண்மையான வேலை நடப்பது இங்கேதான்.

தனிமனிதர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க உச்சவரம்பு உண்டு. 2016இல் ஒரு தேர்தலுக்கு 2,700 டாலர், 2024இல் 3,300. நிறுவனம் நேரடியாகக் கொடுக்கவே கூடாது, அந்தத் தடை 1907இலிருந்து இருக்கிறது. ஆனால் 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட், ஸ்பீச்நவ் என்று இரண்டு வழக்குகளில் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு சூப்பர் பேக் என்ற அமைப்பு பிறந்தது. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவழிக்கும் வரை அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

டெக்சாஸில் சிஸ்கோ என்ற சிற்றூர்க்காரர்களான டான், ஃபாரிஸ் வில்க்ஸ் சகோதரர்கள் 2015இல் குரூஸை ஆதரிக்கும் சூப்பர் பேக்குகளுக்குக் கொடுத்தது ஒன்றரைக் கோடி டாலர். 2,700ஐ வைத்து வகுத்தால் ஐயாயிரம் மடங்குக்கு மேல். கொத்தனார் குடும்பத்தில் பிறந்து, பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கிற தொழிலில் இறங்கி, 2011இல் நிறுவனத்தை விற்றுக் கோடீஸ்வரர்கள் ஆனவர்கள். வாங்கிய கூட்டணிக்குத் தலைமை தாங்கியது சிங்கப்பூர் அரசின் தெமாசெக். ஃபாரிஸ் வில்க்ஸ் தன் ஊர்ச் சபையில் போதகராகவும் இருப்பவர், சனிக்கிழமையை ஓய்வு நாளாக அனுசரிக்கிற சபை அது. 2015 டிசம்பர் கடைசியில் அவருடைய பண்ணையில் குரூஸைச் சந்திக்க நாடெங்கிலும் இருந்து போதகர்களும் கிறிஸ்தவ அமைப்புத் தலைவர்களும் கூடினார்கள். பிப்ரவரியில், பிரைமரி வரிசையில் முதல் மாநிலமான அயோவாவில் குரூஸ் ஜெயித்தார். மே மாதம் இண்டியானாவில் தோற்று விலகினார். அதன்பின் வில்க்ஸ் குடும்பமும் டிரம்ப் பக்கம்.

பணம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது 2012 குடியரசுக் கட்சி பிரைமரி. பென்சில்வேனியாவின் முன்னாள் செனட்டர் ரிக் சான்டோரம், தீவிரக் கத்தோலிக்கர். கையில் காசில்லாமல் அயோவா முழுக்கச் சுற்றினார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஃபாஸ்டர் ஃப்ரீஸ், மியூச்சுவல் ஃபண்ட் நடத்திச் சம்பாதித்த, வையோமிங்கில் வாழ்ந்த, தன் கிறிஸ்தவ விசுவாசத்தைப் போகிற இடமெல்லாம் பேசிய மனிதர். சூப்பர் பேக் வழியாக சுமார் 20 லட்சம் டாலர் இறக்கினார். அயோவாவில் முதலில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்தபோது சான்டோரம் 34 ஓட்டில் முந்தியிருந்தார்.

இதற்கிடையில் ஜனவரி 14 அன்று டெக்சாஸில் பிரெனம் அருகே ஒரு பண்ணையில் சுமார் 150 இவாஞ்சலிக்கல் தலைவர்கள் கூடி, யாரை ஆதரிப்பது என்று மூன்று சுற்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். கடைசிச் சுற்றில் சான்டோரமுக்கு 85, இன்னொரு போட்டியாளரான நியூட் கிங்ரிச்சுக்கு 29. ஒரு வாரம் கழித்து தென் கரோலினாவில் கிங்ரிச் ஜெயித்தார், சான்டோரம் மூன்றாமிடம். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை இவாஞ்சலிக்கல் மக்கள். தலைவர்கள் ஜெபித்து எடுத்த முடிவை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

கிங்ரிச்சுக்குப் பணம் வந்த இடம் இன்னும் வேடிக்கை. லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஷெல்டன் ஏடெல்சன், யூதர், அவருக்கு இஸ்ரேல் எல்லாவற்றுக்கும் மேல். அந்த ஜனவரியில் அவரும் அவர் மனைவி மிரியமும் ஆளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார்கள். சூதாட்டம் பாவம் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களிடம் கிங்ரிச்சின் விளம்பரங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சூதாட்ட விடுதிக் காசு.

இரண்டு பேருமே கடைசியில் வேட்பாளர் ஆகவில்லை. ஆனால் சாதாரணமாக ஜனவரியிலேயே காசு தீர்ந்து மூட்டை கட்டியிருக்க வேண்டியவர்கள் வசந்தம் வரை ஓடினார்கள். சான்டோரம் 11 மாநிலங்களில் ஜெயித்து ஏப்ரல் 10 அன்றுதான் நிறுத்தினார். கோடீஸ்வரர் வேட்பாளருக்கு வாங்கிக் கொடுப்பது வாக்காளரை அல்ல, காலத்தை.

அந்தக் காலத்துக்கு ஒரு விலையும் உண்டு. பிப்ரவரி 7 அன்று மூன்று மாநிலங்களில் ஜெயித்த சான்டோரம் மிசௌரியில் மேடையேறியபோது ஃப்ரீஸ் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். சட்டப்படி இருவரும் தேர்தல் செலவு பற்றிக் கலந்து பேசக்கூடாது. ஒரே மேடையில் நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! ஒன்பது நாள் கழித்து ஒரு தொலைக்காட்சி நேரலையில் கருத்தடை பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் காலத்தில் பெண்கள் ஆஸ்பிரின் மாத்திரையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டால் போதும், செலவும் கம்மி என்று ஃப்ரீஸ் சொல்ல, பேட்டி எடுத்தவர் சற்று நேரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அடுத்த சில நாட்கள் சான்டோரம் தன் கொள்கையைப் பேச முடியவில்லை, அது ஒரு மோசமான ஜோக் என்று விளக்கிக்கொண்டே திரிந்தார். பெரிய ஆதரவாளர் வாயைத் திறந்தால் அதுவும் வேட்பாளர் கணக்கில்தான் எழுதப்படும். பின்னாளில் இதே ஃப்ரீஸ் 2018இல் வையோமிங் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, பிரைமரி நாளன்று காலையில் அதிபர் டிரம்பே அவரை ஆதரித்தார். அப்படியும் தோற்றார்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். பலரும் குழம்புவது ஜான்சன் திருத்தத்தில். 1954இல் செனட்டர் லிண்டன் ஜான்சன் வரிச் சட்டத்தில் கொண்டுவந்தது. வரிவிலக்குப் பெற்ற தேவாலயமோ அறக்கட்டளையோ தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, மீறினால் விலக்கு போகும். இது அமைப்புக்கு, ஆளுக்கு இல்லை. போதகர் கூட வெளியே வந்து தன் சொந்தப் பெயரில் ஆதரிக்கலாம். லிபர்ட்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜெரி ஃபால்வெல் ஜூனியர் 2016 ஜனவரியில் டிரம்பை ஆதரித்தது அப்படித்தான், பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லை, தன் பெயரில். தொழிலதிபருக்கு அந்தச் சிக்கலும் கிடையாது. தசமபாகம் கொடுக்கிறவர், ஞாயிறு பள்ளி நடத்துகிறவர், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு சாதாரணக் குடிமகன். பிரசங்க மேடையிலிருந்து போதகர் சொல்ல முடியாததை அவர் செய்தித்தாளில் எழுதிவிடலாம். இந்த இடைவெளிதான் இவர்களுக்கு இத்தனை மவுசைத் தந்தது என்பது என் கருத்து. 2025 ஜூலையில் டெக்சாஸ் வழக்கு ஒன்றில், ஆராதனையின்போது சபை தன் மக்களிடம் வேட்பாளர் பற்றிப் பேசுவது இந்தத் தடைக்குள் வராது என்று வரித்துறையே மனு போட்டது.

இந்தத் தடையை ரீகன் அந்தக் காலத்திலேயே சாமர்த்தியமாகக் கையாண்டார். 1980 ஆகஸ்டில் டல்லஸ் நகரில் ஆயிரக்கணக்கான போதகர்களும் விசுவாசிகளும் கூடிய அரங்கில், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களையும் உங்கள் பணியையும் ஆதரிக்கிறேன் என்றார். அரங்கம் எழுந்து நின்றது. வேட்பாளர்தான் ஆதரவு அறிவிக்கிறார், சபை கைதட்டுகிறது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த உறவு உண்மையில் ஓடுகிற திசை அதுதான்.

லாபம் என்ன என்ற கேள்விக்கு ஆம்வே குடும்பத்து பெட்சி டிவாஸ் 1997இலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டார். செல்வாக்கை விலைக்கு வாங்குகிறோம் என்று சொன்னால் இனி கோபப்படப்போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன், பதிலுக்குச் சிலவற்றை எதிர்பார்க்கத்தான் செய்கிறோம் என்பது அதன் பொருள். அவர் சொன்ன எதிர்பார்ப்பு கொள்கை சம்பந்தப்பட்டது, குடும்ப விழுமியங்கள், சிறிய அரசு என்று. மிச்சிகனில் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைக் குடும்பம், அரசுப் பணத்தில் பிள்ளைகள் தனியார் பள்ளிக்கும் மதப் பள்ளிக்கும் போக வழி செய்ய வேண்டும் என்று பல்லாண்டு பாடுபட்டவர்கள். 2016 பிரைமரியில் இவர்களும் டிரம்ப் பக்கம் இல்லை, ரூபியோ பக்கம். ஆனால் டிரம்ப் ஜெயித்ததும் கல்வி அமைச்சர் பதவி பெட்சிக்கு வந்தது. செனட்டில் 50க்கு 50 நின்று, துணை அதிபர் வாக்களித்து ஒப்புதல் கிடைத்தது.

ஏடெல்சன் குடும்பத்துக்கு 2018இல் அமெரிக்கத் தூதரகம் ஜெருசலேமுக்கு மாறியது. திறப்பு விழாவில் தம்பதி இருவரும் இருந்தார்கள். ஷெல்டன் 2021இல் இறந்த பிறகு, 2024இல் மிரியம் டிரம்புக்காகச் செலவிட்டது 10 கோடி டாலருக்கு மேல். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களுக்கு 2022 ஜூனில், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பு ரத்தானது. டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகளும் பெரும்பான்மையில் இருந்தார்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் கடை வியாபாரத்தில் நடப்பது தூசு. 2020 ஜூலையில் கோயா என்ற உணவுப்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் உனானுவே, கத்தோலிக்கர், வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று டிரம்ப் மாதிரித் தலைவர் கிடைத்தது பாக்கியம் என்றார். அமெரிக்காவில் அவசரச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை டப்பா வாங்குகிற தமிழர்களுக்குக் கோயா தெரிந்த பெயர்தான். உடனே புறக்கணிப்பு அழைப்பு, பதிலுக்கு வாங்கிக் குவிக்கிற அழைப்பு. டிரம்ப் தன் அலுவலக மேஜையில் கோயா பொருட்களைப் பரப்பி வைத்துக் கட்டைவிரல் உயர்த்திப் படம் போட்டார். பின்னர் விற்பனைத் தரவை ஆராய்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் கண்டது: விற்பனை ஏறத்தான் செய்தது, மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அடுத்த முறை இப்படி ஒரு ஆதரவுச் செய்தி வந்தால், சொன்னவரின் பெயரைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவர் யாராக இருந்தாலும் தேதி, தொகை, தொழில் எல்லாம் அங்கே இருக்கும். டெக்சாஸ் எண்ணெய்த் தொழிலதிபரும் சபையில் பிரசங்கம் செய்பவருமான டிம் டன் 2023 டிசம்பரில் டிரம்ப் ஆதரவு சூப்பர் பேக்குக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. சூப்பர் பேக்குக்குப் போகாமல், சமூக நல அமைப்பு என்று பதிவு செய்துகொண்ட அமைப்புகள் வழியாகப் போகிற பணத்துக்கு மட்டும் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் வெளியே வராது. பெயர் தெரியட்டும் என்று நினைக்கிறவர் கட்டுரை எழுதுவார், தெரியவே வேண்டாம் என்று நினைக்கிறவர் இந்த வழியில் கொடுப்பார். இரண்டையும் செய்கிறவர்களும் உண்டு.